யாரும் எடுக்காத முடிவு

மலேசியத் தமிழர்கள் பெரும்பாலோரின் பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு இருக்கிறது. ஆண் என்றால் 'ஏ/எல்', பெண் என்றால் 'ஏ/பி'. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். பிறப்புச் சான்றிதழில் தொடங்கி, 12 வயதில் எடுக்கும் மைகார்டில் ஏறி, கடைசிவரை கூடவே வருகிறது. சயாமிய வம்சாவளியினர், ஓராங் அஸ்லி மக்கள் ஆகியோரில் சிலருடைய பெயர்களிலும் இதே கோடு உண்டு. அன்றாடப் பேச்சில் இதை யாரும் சொல்வதில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு ஃபார்ம் நிரப்பும்போதுதான் இப்படி ஒன்று நம் பெயரில் இருப்பதே நினைவுக்கு வரும்.

நிரப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரைப் போட்டால் பிறகு வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அப்பாவுக்கு வணக்கம் சொல்லும். சில இடங்களில் 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரை எழுதவும்' என்று இருக்கும். உள்ளபடியே எழுதினால் சிவப்பு எழுத்தில் 'செல்லாத குறியீடு' என்று வரும். அதனால் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். ஒருவர் கோட்டை எடுத்துவிட்டு இரண்டு எழுத்தையும் ஒட்டி எழுதுவார். ஒருவர் நடுவில் இடம் விடுவார். இன்னொருவர் மொத்தத்தையும் விட்டுவிடுவார். வங்கியில் ஒரு பெயர், விமான டிக்கெட்டில் ஒரு பெயர், காப்புறுதியில் ஒரு பெயர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். பிறகு ஒருநாள் 'பெயர் பொருந்தவில்லை' என்று முகப்பில் திருப்பி அனுப்புவார்கள்.

பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் இருக்கிறேன். எங்கள் வரிசையில் யாருக்காவது இப்படி மாட்டிக்கொண்டால் கைப்பேசியோடு என்னிடம் வருவார்கள், நான் கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டது இது: "தம்பி, இது என் பேர எடுக்க மாட்டேங்குது. நான் என்னா தப்பு பண்ணேன்?"

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. தன் பெயரை எழுதினார், அவ்வளவுதான். அப்படியானால் தப்பு பண்ணியது யார்?

இனவெறி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் எதிலும் வெறுப்பு இல்லை. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி இருக்கும். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரக்கட்டுப்பாட்டின்படி அந்த வரிகளில் 26 ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 10 எண்கள், காலியிடத்தை நிரப்ப ஒரு கோணக்குறி ஆகியவை மட்டுமே வரலாம். பெயருக்கு 39 இடம். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் இயந்திரமும் பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. விமான டிக்கெட் முறையில் சாய்கோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது: குடும்பப் பெயரையும் இடுபெயரையும் பிரிப்பது. இணையத்தளங்களில் இன்னொரு பயம். பெயர்க் கட்டத்துக்குள் யாராவது கணினிக் கட்டளையை எழுதி உள்ளே நுழைந்துவிடுவார்களோ என்று எழுத்து தவிர மற்ற குறிகளையெல்லாம் மொத்தமாகத் தடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது.

இதில் வேடிக்கை, 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்ற அமைப்பு இந்த நாட்டில் கிட்டத்தட்ட யாருக்குமே பொருந்தாது. மலாய்க்காரர்களுக்கு 'பின்', 'பிந்தி'க்குப் பிறகு வருவது அப்பா பெயர்தான், குடும்பப் பெயர் இல்லை. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் அது முதலில் வரும். மலேசியக் கடப்பிதழே முழுப் பெயரையும் ஒரே வரியில்தான் போடுகிறது. இருந்தும் இங்கேயே, இந்த நாட்டு மக்களுக்காகவே எழுதப்படும் மென்பொருளில் அந்த இரண்டு கட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எப்படி வந்தது? ஒரு மென்பொருள் குழுவுக்குள் போய்ப் பார்க்கலாம். யாரோ ஒருவர் 'டிக்கெட்' எழுதுவார். டிக்கெட் என்றால் எங்கள் பாஷையில் வேலைக் குறிப்பு. 'பதிவு செய்யும் பக்கம் வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். வடிவமைப்பாளர் முன்பே செய்து வைத்திருக்கும் மாதிரிப் பக்கத்தை எடுப்பார். அது வேறு நாட்டில், வேறு பெயர்களுக்காக வரையப்பட்டது. டெவலப்பர் பெயரைச் சரிபார்க்கத் தயாராகக் கிடைக்கும் நிரல் துண்டை எடுத்து ஒட்டுவார். டெஸ்டர் 'டெஸ்ட் டெஸ்ட்' என்ற பெயரில் பதிந்து பார்ப்பார். வேலை செய்யும். டிக்கெட் மூடப்படும். சாய்கோடு உள்ள பெயரை ஏற்கக் கூடாது என்று இந்த நால்வரில் யாரும் முடிவெடுக்கவில்லை. அந்தக் கேள்வியே எழவில்லை. ஆனால் முடிவு மட்டும் அமலுக்கு வந்துவிட்டது.

எங்கள் துறையில் இப்போது 'பயனர் அனுபவம்' பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதை வேண்டுமென்றே, யோசித்து வடிவமைக்க வேண்டும் என்பார்கள். அழகுக்காகச் சொல்கிற மாதிரி தோன்றும். உண்மையில் இது அறம் சம்பந்தப்பட்ட விஷயம். யாரும் வடிவமைக்காவிட்டாலும் பயனருக்கு ஓர் அனுபவம் கிடைக்கத்தான் போகிறது. குழு யோசிக்காமல் விட்ட ஒவ்வொரு இடத்தையும் திரைக்கு மறுபக்கம் இருப்பவர் தன் நேரத்தைக் கொடுத்து, சில சமயம் தன் மானத்தைக் கொடுத்து நிரப்புகிறார். கேள்வி இதுதான்: வேண்டுமென்று செய்யாத ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பா?

நம் பக்கத்தில் இது பழைய சண்டை. பௌத்தர்கள் எண்ணத்தைத்தான் வினை என்றார்கள். மனதில் நோக்கம் இல்லாமல் நடந்தது வினையாக ஒட்டாது. சமணர்கள் இதை விடவில்லை. அவர்களுடைய ஆகமங்களில் ஒன்றான சூத்ரகிருதாங்கம் பௌத்தர்களைக் கடுமையாகக் கிண்டல் செய்கிறது. சுரைக்காயைக் குழந்தை என்று நினைத்துச் சுட்டால் கொலைப்பாவம், குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்துச் சுட்டால் பாவமில்லை என்பதுதானே உங்கள் கொள்கை என்று கேட்கிறது. இரண்டு மதமும் தமிழில் காப்பியம் எழுதிய மதங்கள். மணிமேகலை ஒரு பக்கம், பௌத்தர்களை வாதுக்கு இழுக்கும் நீலகேசி இன்னொரு பக்கம். பௌத்தத் தரப்பை அந்தக் கிண்டல் முழுசாகச் சொல்லிவிடுகிறது என்று நான் நம்பவில்லை. கவனமாக இருப்பதை அவர்கள் அளவுக்கு வலியுறுத்தியவர்கள் குறைவு. ஆனால் கிண்டலுக்குள் இருக்கும் கேள்வி கூர்மையானது. குழந்தையா சுரைக்காயா என்று பார்க்க வேண்டியது உன் வேலை இல்லையா?

சமணத் துறவியின் கையில் மயிற்பீலி இருக்கும். உட்காரும் முன், படுக்கும் முன் அந்த இடத்தை மெதுவாகக் கூட்டிவிடுவார், கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதும் நசுங்கிவிடக் கூடாதென்று. எறும்பின் மேல் அவருக்குக் கோபம் இல்லை, அதைக் கொல்லும் எண்ணமும் இல்லை. எண்ணம் இல்லை என்பது போதாது என்பதால்தான் கையில் பீலி. அரிஸ்டாட்டிலும் வேறு வழியாக இதே இடத்துக்கு வருகிறார். குடித்துவிட்டுத் தவறு செய்தவன் 'எனக்குத் தெரியாது' என்றால் அது விடுதலை தராது, குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது என்கிறார். அறியாமையில் இரண்டு வகை உண்டு. தெரிந்துகொள்ள வழியே இல்லாதது ஒன்று. தெரிந்துகொள்ளச் சிரமப்படாதது இன்னொன்று. மலேசியாவில் மென்பொருள் எழுதும் ஒரு குழுவுக்கு மலேசியர்களின் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போவது இரண்டாவது வகை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரின் பெயர் அட்டையைப் பார்த்தாலே போதும்.

திருக்குறளில் 47ஆவது அதிகாரம் தெரிந்து செயல்வகை. செய்த தவறையும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் ஒரே தட்டில் வைக்கும் குறள் ஒன்று அதில் உண்டு. மன்னனுக்குச் சொன்ன அதிகாரம் என்று நாம் கடந்துபோய்விடுகிறோம். இன்றைக்கு லட்சக்கணக்கானவர்கள் கடந்துபோகும் ஒரு பக்கத்தை எழுதும் 27 வயது பையனுக்கும் மன்னனின் அதிகாரத்தில் ஒரு துண்டு கையில் இருக்கிறது.

சரி, வேண்டுமென்றே, யோசித்துச் செய்தால் எல்லாம் நல்லதாகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மேல் வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழியைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்தடிப்பதாக வடிவமைத்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிறுவனத்துக்குள் அந்த வழிக்கு வைத்திருந்த பெயர் 'இலியட்' என்றது வழக்கு மனு. ஆமாம், ஹோமரின் காவியம். பத்தாண்டுப் போரைப் பாடும் நீண்ட காவியத்தின் பெயரை, வெளியேற விரும்பும் வாடிக்கையாளர் நடக்க வேண்டிய பாதைக்கு யாரோ வைத்திருக்கிறார்கள். இலக்கியம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. மனு சொல்வது உண்மையென்றால் அங்கே யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஆக, யோசித்துச் செய்தது என்பதால் மட்டும் ஒரு வடிவமைப்பு நல்லதாகிவிடாது.

ஆனால் இதையே இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். 'இலியட்' மேல் வழக்குப் போட முடிந்தது. பெயர் வைத்திருந்தார்கள், திட்டம் இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு எழுத்து இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் பெயரைத் திருப்பி அனுப்பிய பக்கத்தின் மேல் யார் எங்கே போய் முறையிடுவது? வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் 'சிஸ்டம் அப்படித்தான் அக்கா' என்பார்கள். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே சிஸ்டம் அப்படித்தான் இருக்கிறது. ஹானா அரென்ட் 1970இல் வந்த வன்முறை பற்றிய நூலில் நவீன அதிகாரவர்க்கத்தைப் பற்றி இதைத்தான் கவலையோடு எழுதினார். ஆள்வது யார் என்றே தெரியாத ஆட்சியில் பதில் சொல்ல ஆள் கிடையாது. அதனால் அது கொடுங்கோன்மையிலும் மோசமான கொடுங்கோன்மை என்பது அவர் வாதம். கொடுங்கோலனுக்காவது ஒரு முகவரி உண்டு.

வேண்டுமென்றே வடிவமைப்பதன் மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஒரு முடிவை யாரோ ஒருவர் எடுத்தார் என்றால் அவரிடம் காரணம் கேட்கலாம், வாதாடலாம், மாற்றச் சொல்லலாம். தானாக விழுந்த ஒன்றிடம் என்ன கேட்பது?

முடிவெடுத்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழ்நாட்டு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 விசைகளில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. தமிழில் எது அடிக்கடி வரும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் விதிவிலக்கு. புள்ளி இல்லாமல் ஒரே எழுத்து இரண்டு முறை வருகிற சொற்களும் இருக்கின்றன. 'மமதை' என்று எழுத வேண்டுமானால் முதல் ம-வுக்குப் பிறகு அ விசையை ஒருமுறை கூடுதலாகத் தட்ட வேண்டும். அதாவது சிரமத்தை ஒழித்துவிடவில்லை. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தார்கள். அம்மா என்று எழுதுகிறவர் மேல் வைக்காமல், மமதை என்று எழுதுகிறவர் மேல் வைத்தார்கள். காரணமும் தெரியும்: முதலாவது வகைச் சொற்கள் அதிகம், இரண்டாவது வகை அபூர்வம். இந்த முடிவு தவறு என்று நினைப்பவர் அதைச் சொல்லி வாதாடலாம், கணக்குக் கேட்கலாம்.

மலேசியாவிலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் செல்லினம் வெளியீடு கண்டது, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப. அவருடைய செயலிகளில் தமிழ்99 ஒரு வழி, ஆங்கில ஒலிப்பை வைத்துத் தட்டும் 'அஞ்சல்' இன்னொரு வழி. புதிய விசைப்பலகை பழகியவருக்கும் வழி உண்டு, பழகாதவருக்கும் உண்டு. யார் யார் வந்து தட்டப் போகிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது எங்களுக்கு முன்பே தெரியும். மாக் மண்டின் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு தொழிற்சாலையில் 'லைன்' பார்த்தவராக இருப்பார். அந்த உலகத்தில் 'போக்கா யோக்கே' என்று ஒரு ஜப்பானியச் சொல் புழங்கும். பாகத்தைத் தப்பாக மாட்டவே முடியாதபடி அச்சைச் செய்துவிடுவது. ஷிகெயோ ஷிங்கோ 1960களில் பரப்பிய முறை. முதலில் அதற்குப் 'பக்கா யோக்கே' என்று பெயர், அதாவது முட்டாள் தடுப்பு. அந்தப் பெயர் தொழிலாளியை இழிவுபடுத்துகிறது என்று தெரிந்ததும் 'தவறு தடுப்பு' என்று மாற்றினார்கள். ஒரு சொல்லை மாற்றியதில் பழி இடம் மாறிவிட்டது. பாகம் தப்பாக மாட்டப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அச்சை, ஆளை இல்லை. மென்பொருளில் நாங்கள் இன்னும் 'யூசர் எரர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதை நண்பர்களிடம் பேசினால் ஒரு பதில் தவறாமல் வரும். "மச்சான், எல்லாத்தையும் இப்படி யோசிச்சிட்டு இருந்தா எப்போ ரிலீஸ் பண்றது?" நியாயமான கேள்விதான். இரண்டு வார ஸ்பிரிண்டில் நூறு சின்ன முடிவுகள் வரும். நூறையும் மேசையில் வைத்து விவாதிக்க முடியாது. பீலி வைத்திருக்கும் துறவிக்கும் மூச்சு விடுவதில் எத்தனை உயிர் போகிறதோ. அதற்காக அவர் மூச்சை நிறுத்துவதில்லை, கூட்டுவதையும் நிறுத்துவதில்லை. எல்லாவற்றையும் யோசிக்க முடியாது என்பதிலிருந்து எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்று வராது. ஒருவரைப் பக்கத்தை விட்டே வெளியே அனுப்பும் இடங்கள் எவை என்று முதலில் பார்க்கலாம். பெயர், மொழி, பணம், 'செல்லாது' என்று சிவப்பில் வரும் வரிகள். ஒரு செயலியில் அப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. பினாங்கில் எங்களில் பலர் எழுதும் மென்பொருளின் விவரக்குறிப்பு வேறு நாட்டிலிருந்து வருகிறது. கீழ்நிலைப் பொறியாளன் பேச்சை யார் கேட்பார்கள்? அதிகாரம் இல்லாதவன் மேல் பொறுப்பைச் சுமத்துவது அநியாயம் இல்லையா? பாதி ஒத்துக்கொள்கிறேன். முடிவை மாற்றும் அதிகாரம் அவனிடம் இருக்காது. ஆனால் அது ஒரு முடிவு என்று வெளியே தெரிய வைப்பது அவனால் முடியும். 'இந்தக் கட்டம் சாய்கோட்டை ஏற்காது. இதனால் ஏ/எல், ஏ/பி உள்ளவர்கள் அடையாள அட்டைப் பெயரில் பதிய முடியாது. இப்படியே விடலாமா?' என்று டிக்கெட்டில் மூன்று வரி எழுத ஐந்து நிமிடம் ஆகும். சோதிக்கும்போது 'டெஸ்ட் டெஸ்ட்' என்பதற்குப் பதிலாக நம் தெருவில் இருக்கும் மாதிரிப் பெயர்கள் நாலு வகை போட்டுப் பார்க்கலாம். பதில் 'விடுங்கள்' என்று வரலாம். வந்தால் வரட்டும். அதன் பிறகு அது ஒருவர் எடுத்த முடிவு, அதற்குக் கீழே ஒரு பெயர் இருக்கும், தேதி இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் அதைப் பார்த்து 'ஏன் இப்படி?' என்று கேட்க இடம் இருக்கும்.

இவ்வளவு செய்தும் அக்காவின் பெயர் அன்றைக்கே ஏறிவிடப் போவதில்லை. ஆனால் அவருக்குச் சொல்ல உண்மையான பதில் ஒன்று இருக்கும். நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை அக்கா, உங்கள் பெயர் சரியாகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்று முடிவு செய்தது இன்னார், வாங்க, அவர்களுக்கே எழுதுவோம்.